பதினொரு இன்சுலின் பேனாக்கள்

காலையில் பதினெட்டு யூனிட் இன்சுலின் போட வேண்டிய கிளெண்டா ஹாப்டே பதினான்குதான் போட்டுக்கொண்டாள். போன அக்டோபரிலிருந்து அப்படித்தான். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியிலும் ஒன்றோ இரண்டோ குறைத்தாள். அதற்கு ஈடாகக் காலை ரொட்டியை விட்டாள், உருளைக்கிழங்கைப் பாதியாக்கினாள். அப்படியும் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை பதினான்கு, பதினாறு என்று காட்டியது. அந்த நாட்டு அளவில் பத்தைத் தாண்டக் கூடாத எண் அது. ஜனவரிக்குப் பிறகு அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

மிச்சம் பிடித்த மருந்து ஃப்ரிட்ஜின் மேல்தட்டில், வெங்காய ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால், ஒரு காலி மார்ஜரின் டப்பாவில் இருந்தது. ஒன்பது பேனாக்கள். அளவைத் திருகி வைத்துக் குத்திக்கொள்ளும் வகை. இன்னும் இரண்டு சேர்ந்தால், குறைத்துப் போட்டாலும் மூன்று மாதத்துக்கு மேல் வரும். மார்ச் இருபத்தொன்பதாம் தேதி நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறப் போகிறது. ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகவில்லை. அன்றைக்கு இன்னும் நாற்பத்தைந்து நாள் இருந்தது.

யாரும் கையிருப்பு சேர்க்க வேண்டாம் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. மருந்துக்கடைச் சுவரிலும் அந்த அறிவிப்பு ஒட்டியிருந்தது. இந்த நாட்டில் இன்சுலின் தயாரிப்பு அநேகமாக இல்லை என்பதும் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து லாரியில் வருகிறது என்பதும் கிளெண்டாவுக்குத் தெரியவந்தது 2018 கோடையில், தொலைக்காட்சியில். அதற்கு இரண்டு வருடம் முன்பு, ஊர்ப் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சிலால் வாக்குச்சீட்டில் பெருக்கல் குறி போட்டபோது தெரியாது. அப்போது அவளைக் கேட்டிருந்தால், இன்சுலின் மருந்துக்கடையிலிருந்து வருகிறது என்று சொல்லியிருப்பாள். முப்பத்தொரு வருடமாக அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

அவள் வெளியேறத்தான் வாக்களித்தாள். கணவன் ரோட்னியும் அப்படியே. அவர்கள் ஊரான டோவரில் பத்துக்கு ஆறு பேர் அப்படியே.

அந்தச் செவ்வாய்க்கிழமை மருந்துக்கடையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். நாற்காலியில் ரத்த அழுத்த மாத்திரைக்குக் காத்திருந்த கிழவர் ட்வைமன், கல்லாவுக்குப் பின்னால் மருந்தாளுநர் பிலார். பிலார் ஸ்பெயின்காரி. இந்தக் கடைக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது.

"எப்படி இருக்கீங்க மிசஸ் ஹாப்டே?"

"குறை சொல்ல முடியாது."

"முடியாதுன்னுதான் எல்லாரும் சொல்றீங்க. ஒரு நாளாவது யாராவது குறை சொன்னா நல்லா இருக்கும்." பிலார் கணினியைப் பார்த்தாள். "போன பெட்டி தீந்துருச்சா? மூணு வாரம்தான் ஆகுது."

"ஒண்ணு கீழ விழுந்து உடைஞ்சிருச்சு."

அது பொய். இதே பொய்யை நவம்பரிலும் சொல்லியிருக்கிறோம் என்று சொன்ன பிறகுதான் கிளெண்டாவுக்கு நினைவு வந்தது. பிலார் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் மருந்தை எடுத்துவந்தாள்.

"என்னம்மா கிளெண்டா, நீயும் பதுக்க ஆரம்பிச்சுட்டியா?" என்றார் ட்வைமன். "என் மருமக கராஜ் பூரா டின் பட்டாணி அடுக்கியிருக்கா. நானூறு டின். அணுகுண்டு போட்டாலும் நாங்க பட்டாணி தின்னுக்கிட்டே சாவோம்."

"உங்களுக்குப் பட்டாணி பிடிக்காதே."

"அதான் கொடுமையே. எங்கப்பா சண்டைக் காலத்துல முட்டைப் பொடியைத் தின்னு எண்பத்தொம்பது வயசு வரைக்கும் இருந்தாரு. ஒரு மாசம் தக்காளி வரலைன்னா நாம செத்தா போயிருவோம்?"

கிளெண்டா பையை மூடினாள். தக்காளி வராவிட்டால் யாரும் சாகமாட்டார்கள்.

"நீங்க ஊருக்குக் கிளம்பிராதீங்கம்மா," என்று கிழவர் பிலாரைப் பார்த்துச் சொன்னார். "உங்கள மாதிரி ஆளுங்கள யாரும் போகச் சொல்லல."

"அப்ப யாரைச் சொன்னீங்க மிஸ்டர் ட்வைமன்?"

கிழவர் சிரித்தார். பிலாரும் சிரித்தாள். அவள் சிரிப்பு முதலில் நின்றது. கிளெண்டா தன் கையுறையைத் தேடுவது போலக் குனிந்துகொண்டாள். 'மார்ச்சுக்கு அப்புறம் கிடைக்காதோன்னு பயமா இருக்கு, ஒரு பெட்டி கூடுதலாக் குடுங்க' என்று இந்த ஒருத்தியிடம் கேட்டிருக்கலாம். வாசல்வரை வந்து திரும்பியும் பார்த்தாள். பன்னிரண்டு வருடம் இருந்த நாட்டில் தொடர்ந்து இருக்க அனுமதி கேட்டு, அந்தப் பெண்ணைக் கைபேசியில் கடவுச்சீட்டைப் படம் பிடித்து விண்ணப்பம் போட வைத்ததில் தன் பென்சில் குறியும் ஒன்று. அவளிடமே போய் எனக்குப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

ரோட்னிக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலுக்குப் போகும், கப்பலிலிருந்து வரும் லாரிகளை வரிசையில் நிறுத்தி அனுப்ப வேண்டும். மஞ்சள் சட்டை, கையில் கம்பியில்லாக் கருவி. அறுபத்தொரு வயது. அன்று மாலை ஆட்டிறைச்சி மேல் மசித்த கிழங்கு பரப்பி வேகவைத்ததை இரண்டாம் முறை தட்டில் போட்டுக்கொண்டே பேசினான்.

"லாரியை எல்லாம் சோதனைக்கு நிறுத்தினா என்ன ஆகும்னு ஜனவரியில ஒத்திகை பாத்தாங்களே, அதே மாதிரி இன்னொண்ணு வைக்கலாமான்னு கேக்குறாங்க. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் வண்டி போற ரோடு. நூறு வண்டிகூட இல்லாம ஒத்திகை. கல்யாணச் சாப்பாடு சமைக்கத் தெரியுமான்னு கேட்டா ஒரு முட்டையை வேக வச்சுக் காட்டின மாதிரி."

"மருந்து வண்டிய முன்னாடி விட்டுருவாங்கல்ல?"

"விட்டுருவாங்க. விட்டுத்தானே ஆகணும்."

"எது மருந்து வண்டின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ரோட்னியின் முள்கரண்டி நின்றது. "எழுதியிருக்கும்."

"எங்க?"

"பேப்பர்ல. டிரைவர்கிட்ட இருக்கும்." சற்று யோசித்தான். நாற்பது வருடம் அந்த வேலையைச் செய்தவனுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "வெளியிலேருந்து பாத்தா எல்லாம் ஒண்ணுதான் கண்ணு. ஒண்ணுல தக்காளி, ஒண்ணுல செருப்பு, ஒண்ணுல மருந்து. ஒரே வண்டியில மூணும்கூட இருக்கும்."

"அப்ப வரிசையில நிக்கும்."

"நிக்கும்," என்றான். கொஞ்சம் கழித்து, "நீ ஏன் சாப்பிடல? இவ்ளோதான் போட்டுக்கிட்டியா?"

"மத்தியானம் பள்ளிக்கூடத்துல நெறைய தின்னுட்டேன்."

அவள் தொடக்கப்பள்ளி சமையலறையில் வேலை பார்த்தாள். அங்கே மத்தியானம் ஒரு ஆப்பிளைப் பாதியாக வெட்டித் தின்றிருந்தாள்.

பிப்ரவரிக் கடைசியில் யாரும் பார்த்திராத வெயில் அடித்தது. கடற்கரையில் ஆட்கள் சட்டையைக் கழற்றிவிட்டு ஐஸ்கிரீம் தின்றார்கள். அந்தத் திங்கட்கிழமை ரொட்டியில் தடவ மார்ஜரின் தேடிய ரோட்னி ஊறுகாய் பாட்டிலை நகர்த்தி டப்பாவைத் திறந்தான்.

"கிளெண்டா!"

அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஓடிவந்தாள். அவன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எண்ணிப் பார்த்துவிட்டான் என்று முகத்தில் தெரிந்தது.

"பதினொண்ணு," என்றான். "அடி கள்ளி."

அவன் சிரித்தபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"பிலார் குடுத்தாளா?"

"கொஞ்சம் கொஞ்சமா சேத்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் ராத்திரியெல்லாம் படுத்துக்கிட்டு..." மூன்று வருடமாக அவர்கள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுத்தால் யார் யாரைத் திட்டுவது? இரண்டு பேரும் ஒரே மண்டபத்தில், ஒரே பென்சிலால், ஒருவர் பின் ஒருவராக நின்று போட்டுவிட்டு வந்தவர்கள். திரும்பும் வழியில் மீனும் உருளை வறுவலும் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

"இதை ஏன் இங்க வச்சிருக்க? நாள் பூரா திறந்து மூடுற ஃப்ரிட்ஜு. வெளியில இருபது டிகிரி. கெட்டுப் போயிரும்." அவன் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தான். "என் ஃப்ரிட்ஜுல வைக்கிறேன்."

கராஜில் அவனுடைய பீர் ஃப்ரிட்ஜ் இருந்தது. சின்னது, பழையது.

"உறையக் கூடாது ரோட்னி. ரெண்டுலேருந்து எட்டு டிகிரிக்குள்ள இருக்கணும். உறைஞ்சா மருந்து செத்துரும்."

"இது ஃப்ரிட்ஜும்மா, ஃப்ரீசர் இல்ல. எனக்குத் தெரியாதா?"

பீர் டப்பாக்களை வெளியே எடுத்தான். மார்ஜரின் டப்பாவை ஆகக் கடைசியில், பின்சுவரோடு ஒட்டி, கைபடாத இடத்தில் தள்ளினான். குளிர்ச்சித் திருகு மூன்றில் இருந்தது. வெயிலை நினைத்து அதை ஏழுக்குத் திருப்பினான். பிறகு பீர் டப்பாக்களை முன்னால் அடுக்கிக் கதவை மூடி, மூடியதா என்று அழுத்திப் பார்த்தான். மூன்று வருடத்தில் இந்த விஷயத்தில் அவனால் செய்ய முடிந்த ஒரே காரியம் இதுதான். அன்று பூராவும் அவன் விசிலடித்தான்.

மார்ச் முதல் வாரம் குளிர் திரும்பியது. ஒரு பீர் டப்பா உறைந்து அடிப்பக்கம் உப்பியிருந்ததை ரோட்னி பார்த்தான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திருகை மூன்றுக்குக் குறைத்தான். மார்ஜரின் டப்பாவை அவன் திறக்கவில்லை. அது பீரைவிடப் பத்திரமாக வைக்க வேண்டிய பொருள் என்பதால், அதை அசைக்கக் கூடாது என்று வைத்திருந்தான்.

அதே வாரம் கிளெண்டாவின் வலது கண்ணில் ஒரு கறுப்பு நூல் வந்தது.

முதலில் அது கண்ணாடியில் ஒட்டிய முடி என்று நினைத்துத் துடைத்தாள். கண்ணை அசைத்தால் அதுவும் அசைந்தது. இரண்டு நாளில் நூல் நாலாயிற்று. அப்புறம் மிளகுப்பொடியைத் தண்ணீரில் தூவியது போலத் தூசி. நவம்பரில் சர்க்கரை நோய்ச் சிகிச்சையகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தபோது, ரத்தம் எடுத்தால் குறைத்துப் போடுவது தெரிந்துவிடும் என்று போகவில்லை. ஜனவரியில் கண் பரிசோதனைக்கு வந்த கடிதத்தையும் அதே டிராயரில் வைத்தாள். ஆறு வருடத்துக்கு முன்பு லேசர் வைத்த கண். அப்போதே மருத்துவர் சொல்லியிருந்தார், சர்க்கரை ஏறினால் இங்கேதான் முதலில் தெரியும் என்று.

இருபத்தொன்பதாம் தேதி போகட்டும் என்று நினைத்தாள். அது தாண்டிவிட்டால் பதினெட்டே போட்டுக்கொள்ளலாம், கண்ணையும் காட்டலாம். மருத்துவரைத் தொந்தரவு செய்ய இது நேரமில்லை. எல்லோருக்குமே ஆயிரம் கவலை.

பள்ளிக்கூடத்தில் எந்தக் குழந்தைக்கு எது ஆகாது என்று எழுதிய அட்டைகளைப் பக்கத்தில் நிற்பவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள்.

"மறுபடியும் கண்ணாடியை மறந்துட்டியா?" என்றாள் அவள்.

"வயசாகுதுல்ல."

"உனக்கா? இன்னும் பத்து வருஷம் எங்களை விரட்டத்தான் போற."

மார்ச் இருபத்தொன்றாம் தேதி வியாழக்கிழமை, வெளியேறும் நாள் தள்ளிப் போயிற்று. ரோட்னி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான்.

"ஏப்ரல் பன்னண்டாம் தேதியாம். ஏப்ரல் ஒண்ணாம் தேதி வச்சிருந்தாப் பொருத்தமா இருந்திருக்கும்."

கிளெண்டா சிரிக்கவில்லை. அவள் மனதில் கணக்கு ஓடியது. இரண்டு வாரம். இரண்டு வாரமும் பதினான்கு. தள்ளிப் போடப் போட இது முடியப் போவதில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாள் வந்து, நடக்க வேண்டியது நடந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை காலை, கையிலிருந்த இரண்டு பேனாக்களும் தீர்ந்தன. மருந்துக்கடையில் வாங்கிய புதிய பெட்டியைத் திறக்காமல் அவள் கராஜுக்குப் போனாள். பள்ளிச் சமையலறையில் முப்பது வருடப் பழக்கம்: புதிய டின் வந்தால் பின்னால் அடுக்க வேண்டும், பழையதை முன்னால் இழுத்து அதை முதலில் திறக்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் எதுவும் தேதி கடந்து வீணாகாது. பழைய பேனாக்களில் இரண்டை எடுத்துக்கொண்டு, புதியவற்றில் இரண்டை அங்கே வைத்தாள். எண்ணிக்கை பதினொன்றிலேயே நின்றது.

புதுப் பேனாவைப் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அவள் வழக்கம். மருந்து தெளிவாக இருக்க வேண்டும். சன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். மருந்துக்குள் வெள்ளையாகப் பொடி மிதந்தது. பேனாவை நகர்த்தி வானத்தைப் பார்த்தாள். அங்கேயும் தூசி மிதந்தது. சுவரில், தேநீர்க் கோப்பையில், தன் கையில், எல்லாவற்றிலும் தூசி மிதந்தது. கண்தான் என்று முடிவு செய்து குத்திக்கொண்டாள்.

மாலையில் மீட்டர் இருபத்திரண்டு காட்டியது. இரண்டு யூனிட் கூடப் போட்டாள். ஞாயிறு காலை இருபத்தேழு. தாகம் அடங்கவில்லை. மத்தியானம் வாந்தி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு இருந்தது, அது ஒட்டிக்கொண்டது என்று ரோட்னியிடம் சொன்னாள். திங்கட்கிழமை காலை தேநீருடன் வந்தவன் அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக் கோப்பையைத் தரையில் வைத்தான். மாடிப்படி ஓடி ஏறியவள் போல அவள் படுத்தபடியே மூச்சு வாங்கினாள். மூச்சில் அழுகின ஆப்பிள் வாசனை அடித்தது.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுறேன்."

"வேணாம். அவங்களுக்கு ஆயிரம் வேலை."

"நாசமாப் போச்சு கிளெண்டா, வாயை மூடு," என்றான் ரோட்னி. முப்பத்தாறு வருடத்தில் அவளிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

மருத்துவமனையில் அவளை உள்ளே கொண்டுபோனபின், ஒரு இளம் மருத்துவர் ரோட்னியிடம் வந்தார். அவள் பையிலிருந்த பேனாவை விளக்குக்கு நேரே பிடித்தார்.

"இதுல பொடிப்பொடியா இருக்கே. உறைஞ்சு உருகின மருந்து இது. இதைப் போடுறதும் தண்ணியப் போடுறதும் ஒண்ணுதான். எங்க வச்சிருந்தீங்க?"

"கராஜ்ல," என்றான் ரோட்னி. "என் ஃப்ரிட்ஜுல."

உப்பிய பீர் டப்பாவை அவன் கை இன்னும் நினைவு வைத்திருந்தது.

"உங்களைக் குத்தம் சொல்லல சார். இது ரெண்டு நாள் சங்கதிதான். பிழைச்சுட்டாங்க. ஆனா கடந்த மூணு மாசக் கணக்குக்கும் ஒரு சோதனை இருக்கு. அதுலயும் ரொம்ப மேல நிக்குது. அதுக்கு இந்தப் பேனா காரணம் இல்ல."

சாயங்காலம் அவள் கண் விழித்தபோது மருத்துவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். ரோட்னி மறுபக்கம் நின்றான்.

"எவ்வளவு நாளா குறைச்சுப் போடுறீங்க?"

அவள் ரோட்னி நிற்கும் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "அக்டோபர்லேருந்து."

"ஏன்?"

"வராமப் போச்சுன்னா என்ன பண்றதுன்னு."

"உங்க டாக்டர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? நானும்தானே ஓட்டுப் போட்டேன்."

மருத்துவர் எழுந்து போய் ஒரு சின்ன விளக்கைக் கொண்டுவந்து அவள் கண்களைப் பார்த்தார். இடது கண்ணைப் பார்த்துவிட்டு, "இதுல எதாவது தெரியுதா?" என்றார். "வெளிச்சம்," என்றாள். வலது கண்ணில்? அவள் யோசித்தாள். "நீங்க லைட்டைப் போட்டிருக்கீங்களா?"

இரண்டு கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிந்திருந்தது. கண் மருத்துவர் மறுநாள் வந்து சொன்னார். ரத்தம் தானாக வடியலாம். அறுவை செய்யலாம், வரிசையில் பெயர் பதிவதாகச் சொன்னார். பார்வை கொஞ்சம் திரும்பலாம். எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஏப்ரல் பத்தாம் தேதி வாக்கில் வெளியேறும் நாள் மறுபடியும் தள்ளிப் போயிற்று. இந்த முறை அக்டோபர் முப்பத்தொன்று.

அடுத்த நாள் ரோட்னி மார்ஜரின் டப்பாவை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனான். பிலார் தனியாக இருந்தாள்.

"இதைத் திருப்பிக் குடுக்கச் சொன்னாங்க. குப்பையில போடக் கூடாதாம்."

பிலார் பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கில் பார்த்தாள். கடைசியாக வைத்த இரண்டு மட்டும் தெளிவாக இருந்தன. "இதையும் நம்ப முடியாது," என்று எல்லாவற்றையும் மஞ்சள் பெட்டிக்குள் போட்டாள்.

"மிசஸ் ஹாப்டே ஏன் என்கிட்ட கேக்கல? உடைஞ்சிருச்சு உடைஞ்சிருச்சுன்னு வந்தாங்க. நான் என்னன்னு நினைச்சேன் தெரியுமா? கை நடுங்குது போல, பாவம்னு நினைச்சேன்."

"உங்ககிட்ட கேக்க வெக்கம்."

"எதுக்கு வெக்கம்?"

ரோட்னி தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பினான். பிலார் அவன் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"மிஸ்டர் ஹாப்டே, இந்த ஊர்ல பத்துக்கு ஆறு பேர் அப்படித்தான் போட்டாங்க. எனக்குத் தெரியாதா? அந்த ஆறு பேருக்கும் நான்தானே தினம் மாத்திரை எடுத்துக் குடுக்கிறேன். ஓட்டு முடிவு வந்த அன்னைக்குக் காலையிலயும் வந்து கடையைத் திறந்தேன்."

"அக்டோபர்ல மருந்து இருக்குமா?"

"இருக்கும்னு சொல்லச் சொல்லியிருக்காங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நானா?" பிலார் மஞ்சள் பெட்டியின் மூடியை அழுத்தினாள். அது அடைந்த சத்தம் கேட்டது. "அக்டோபர்ல நான் இங்க இருப்பேனான்னு எனக்கே தெரியல. எங்கம்மா வந்துரு வந்துருன்னு சொல்றாங்க."

மே மாதம் ஒரு செவிலி வீட்டுக்கு வந்து கிளெண்டாவுக்குக் கண் இல்லாமல் ஊசி போடக் கற்றுக் கொடுத்தாள். பேனாவைத் திருகும்போது யூனிட்டுக்கு ஒரு 'டிக்' சத்தம் வரும். சத்தத்தை எண்ணினால் போதும். பதினெட்டு எண்ணி, குத்தி, பத்து வரை எண்ணி எடுக்க வேண்டும். கிளெண்டா கெட்டிக்காரி. ஒரே நாளில் படித்துக்கொண்டாள். பள்ளிக்கூட வேலை போயிருந்தது. அங்கிருந்து அனுப்பிவைத்த வாழ்த்து அட்டையில் குழந்தைகள் என்ன வரைந்திருக்கிறார்கள் என்று ரோட்னி சொன்னான். அநேகமாக எல்லோரும் அவளையும் ஒரு பெரிய கரண்டியையும் வரைந்திருந்தார்கள்.

அவன் மாலை வேலைக்கு மாற்றிக்கொண்டான். காலையில் ரொட்டியை வாட்டுவான், மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்லுவான். ஊசியை மட்டும் அவள் தானே போட்டுக்கொள்வாள். அதற்கு யாரும் வேண்டாம் என்றாள். அவன் சமையலறையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பான்.

ஒரு வாரம் பதினெட்டு டிக் வந்தது. அடுத்த வாரமும் வந்தது.

ஜூன் தொடக்கத்தில் ஒரு காலை, ரொட்டி வாட்டும் கருவியைப் போட மறந்துவிட்டு அவன் அமைதியாக நின்றிருந்தான். பக்கத்து அறையில் டிக் சத்தம் வந்தது. பதினைந்தில் நின்றது. இன்னும் வரும் என்று காத்திருந்தான். அவள் உதட்டுக்குள் ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணுவது கேட்டது.

உள்ளே போனான். அவள் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தனை போட்ட?"

"பதினெட்டு."

"நான் எண்ணினேன் கிளெண்டா."

அவள் பேனாவை மடியில் வைத்துக்கொண்டாள். சன்னலிலிருந்து வெளிச்சம் வரும் பக்கமாக முகத்தைத் திருப்பினாள். வெளிச்சம் மட்டும்தான் அவளுக்கு இப்போது தெரியும்.

"மீதி மூணு எங்க?"

"அக்டோபருக்கு."

"கண்ணு போச்சு. அடுத்தது கிட்னின்னு அந்த நர்ஸம்மா சொன்னாளே, கேட்டல்ல?"

"கேட்டேன்."

"அப்புறம்?"

"கிட்னி போனா மெதுவாப் போகும். மருந்து வராட்டி ஒரு வாரம்தான். அன்னைக்குத் திங்கட்கிழமை நான் எப்படிக் கிடந்தேன்? நீ பாத்த. நான் உள்ளேருந்து பாத்தேன். இன்னொரு தடவை அப்படிக் கிடக்க மாட்டேன்."

ரோட்னி அவள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தான். "ஊசியைப் போடு. மூணையும் போடு. கெஞ்சிக் கேக்குறேன்."

"சரி, போடுறேன். ஒண்ணு மட்டும் சொல்லு. நீ அங்கதானே நிக்கிற. ரோட்டுல வண்டி நிக்காது, அக்டோபர்ல மருந்து வந்துரும்னு சொல்லு. சொல்லு, உடனே போடுறேன்."

அவன் வாயைத் திறந்தான். முந்தின நாள் கூட்டத்தில் மேலதிகாரி காட்டிய வரைபடம் ஞாபகம் வந்தது. வண்டிகள் தேங்கக்கூடிய சாலை நெடுகச் சிவப்புக் கோடு. எந்த வண்டிக்கு எந்த வரிசை என்று இன்னும் முடிவாகவில்லை. கேள்வி கேட்டவர்களுக்கு, எழுதி அனுப்புங்கள் என்று பதில். அவளுக்கு அவன் முகம் தெரியாது. அது ஒரு வசதி என்று ஒரு கணம் நினைத்தான்.

"வந்துரும்," என்றான்.

கிளெண்டா தலையைச் சாய்த்து அந்தச் சொல்லைக் கேட்டாள். அவன் இன்னும் ஏதாவது சொல்வானா என்று கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு மீதி மூன்றைத் திருகாமலே, மடியில் தடவி மூடியைத் தேடி எடுத்துப் பேனாவை மூடினாள்.